விட்டுப்போன பூஜ்யமும் வளைந்த மேற்கோள் குறியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள், யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தி அனுப்பக்கூடிய ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் எப்படிப் பங்கெடுக்கலாம் என்று தங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். நூற்றுக்கணக்கான சர்வர்களை ஒரே எழுத்துப் பிரதியிலிருந்து அமைத்துப் பராமரிக்கும் ஆன்சிபிள், பப்பெட் கருவிகளை எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு. ஐ.டி. நிறுவனங்கள் உள்ள பழைய மகாபலிபுரம் சாலைக்குத் தினமும் போய்வர முடியாத தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை அது. ஆனால் கட்டம் கட்டி அச்சிட்ட மாதிரி ஆன்சிபிள் நிரலில் மூன்று பிழைகள் இருக்கின்றன. கட்டுரையில் 'எழுத்து நடை விதிகளைப் பற்றி ஆரம்பத்தில் கவலைப்பட வேண்டாம்' என்று ஒரு வரியும் இருக்கிறது. அந்த மூன்று பிழைகளுமே நடை விதிகள் தடுக்கிற பிழைகள்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதல் பிழை, ஃபைலின் அனுமதியைக் குறிக்கும் 'மோட்' வரி. அதில் வெறும் 644 என்று இருக்கிறது. டெர்மினலில் அனுமதியை மாற்ற சிஎச்மாட் 644 என்று அடித்துப் பழகியவர்கள் கண்ணுக்கு இதில் குறை தெரியாது. அந்தக் கட்டளை எந்த எண்ணைக் கொடுத்தாலும் எண்ம எண்ணாக, அதாவது 8-ஐ அடிமானமாகக் கொண்ட எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். ஆன்சிபிள் நிரலை எழுதும் வடிவமான யாமலில் 644 என்று எழுதினால் அது அறுநூற்று நாற்பத்து நான்கு, அவ்வளவுதான். அதை எண்ம முறைக்கு மாற்றினால் 1204 வரும். 512 ஒன்று, 64 இரண்டு, 8 பூஜ்யம், மீதி 4 என்று தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். விளைவு என்ன? ஃபைலின் சொந்தக்காரர் எழுதலாம், படிக்க முடியாது. குரூப்புக்கு எந்த உரிமையும் இல்லை. ஊரில் உள்ள மற்ற எல்லோரும் படிக்கலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் வைத்திருக்கும் கன்ஃபிக் ஃபைலாக இருந்தால், படிக்க வேண்டிய சர்வீஸ் படிக்க முடியாமல் விழும், படிக்கக் கூடாதவர்கள் படிப்பார்கள். 755 என்று எழுதினால் இன்னும் மோசம்: அது 1363 ஆகிவிடும், வெளியார் யார் வேண்டுமானாலும் அந்த ஸ்கிரிப்டில் எழுதலாம். இதையெல்லாம் ரூட்டாக, அதாவது சர்வரின் முழு அதிகாரமுள்ள கணக்கில் நுழைந்து பார்க்கிறவர் கண்டுபிடிப்பதும் கடினம். ரூட்டுக்கு இந்த அனுமதிகள் தடையே இல்லை, ஃபைல் ஒழுங்காகத் திறக்கும்.

முன்னால் பூஜ்யம் சேர்த்து 0644 என்று எழுதினால் ஆன்சிபிள் சரியாகவே புரிந்துகொள்ளும். ஆனால் அது யாமலின் 1.1 பதிப்பு விதி. 1.2 பதிப்பில் எண்ம எண்ணுக்குப் பூஜ்யத்தோடு 'ஓ' எழுத்தும் வேண்டும். எந்தக் கருவி எந்த விதிப்படி படிக்கும் என்று நாம் ஏன் யோசிக்க வேண்டும்? நேரான ஒற்றை மேற்கோளுக்குள் நான்கு இலக்கமாக எழுதிவிட்டால் கேள்வியே இல்லை. நிரலை ஓட்டாமலே பிழை தேடும் ஆன்சிபிள் லிண்ட் கருவி, மேற்கோளும் பூஜ்யமும் இல்லாத இந்த எண்ணைப் பார்த்ததும் 'ரிஸ்கி ஆக்டல்' என்று பெயர் சொல்லியே நிறுத்தும். பப்பெட் இந்த விஷயத்தில் கறார். மேற்கோள் இல்லாத எண்ணைக் கொடுத்தால் ஏற்கவே ஏற்காது.

இரண்டாவது பிழை அச்சகத்தினுடையது. நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கின்றன. வாட்ஸ்அப்பிலும் வேர்டிலும் நிரலை ஒட்டி அனுப்பும்போதும் இதே கதைதான். வளைந்த குறி யாமலுக்குச் சாதாரண எழுத்து. 'க' எப்படியோ அப்படி. அதனால் அந்த இடத்தில் பிழை காட்டாது. இன்ஸ்டால் செய்ய வேண்டிய பேக்கேஜின் பெயரோடு அந்தக் குறியும் ஒட்டிக்கொண்டு போகும், அப்படியொரு பேக்கேஜ் இல்லை என்ற செய்தி கடைசியில் வரும். பையன் பேக்கேஜ் பெயரைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பானே தவிர மேற்கோள் குறியைப் பார்க்க மாட்டான்.

மூன்றாவது, பத்தி அகலத்துக்காக இடது ஓர இடைவெளியைச் சுருக்கியதில் ரூட் அதிகாரம் கேட்கும் 'பிகம்' என்ற வரி ஒரு படி இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. யாமலில் இடைவெளிதான் இலக்கணம். அந்த வரி ஒரு டாஸ்கின், அதாவது ஒரு தனி வேலையின் கீழே இருந்தால் அந்த ஒரு வேலை மட்டும் ரூட் அதிகாரத்தில் நடக்கும். டாஸ்க்குகளுக்கு வெளியே, அவற்றின் தொகுப்பான பிளேயின் மட்டத்துக்கு வந்துவிட்டால் பிளேயில் உள்ள எல்லா வேலையும் ரூட்டாக நடக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. ஒவ்வொரு மட்டத்துக்கும் இரண்டு ஸ்பேஸ், டேப் கூடவே கூடாது என்ற விதி எரிச்சலாகத் தெரியலாம். டேப்பை இடைவெளிக்கு வைத்தால் யாமல் படிக்கவே மறுத்துவிடும், அது நல்லதற்குத்தான்.

துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்பதை இந்தப் பக்கத்து வாசகர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பெட்டியின் மேல் 4 எழுத்து, 6 இலக்கம், அதன் பின்னால் கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம் இருக்கும். அந்தக் கடைசி இலக்கம் முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிட்டது. கேட்டில் எண்ணை அடிக்கும்போது ஓர் எழுத்து மாறினாலும் பெரும்பாலும் கணக்கு உதைக்கும், தப்பான பெட்டி தப்பான கப்பலில் ஏறாது. லிண்ட் கருவி செய்வதும் அதே வேலை. பப்பெட்டுக்கு பப்பெட் லிண்ட், ஆன்சிபிளுக்கு ஆன்சிபிள் லிண்ட், செஃப் கருவிக்கு குக்ஸ்டைல். உங்கள் நிரல் நல்ல நிரலா என்று இவை சொல்லாது. வாசலில் பிடிக்கக்கூடியதை வாசலிலேயே பிடிக்கும்.

சாதாரண அப்ளிகேஷன் நிரலுக்கு இல்லாத கெடுபிடி இந்த மாட்யூல்களுக்கு, அதாவது சர்வரை அமைக்கும் நிரல் தொகுதிகளுக்கு ஏன்? ஒவ்வொரு சர்வரிலும் இருக்கும் பப்பெட் ஏஜென்ட் தானாகவே 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். ஒரு தவறான வரி மெர்ஜ் ஆகி, அதாவது மூல நிரலோடு சேர்ந்து, சர்வருக்குப் போய்விட்டால், அரை மணி நேரத்துக்குள் அந்த நிறுவனத்தின் எல்லா இயந்திரங்களிலும் அது இருக்கும். அடுத்த அரை மணியில் மறுபடியும் ஓடும். நாளைக்கு 48 முறை.

இந்த 48 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு ஒரு சின்ன உதாரணத்தைப் பாருங்கள். கன்ஃபிக் ஃபைலின் கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஷெல் பழக்கத்தில், கட்டளையை அப்படியே ஓட்டும் எக்ஸெக் என்ற பப்பெட் வளத்தில் (ரிசோர்ஸ்) எக்கோ கட்டளையை வைத்து இரட்டை அம்புக்குறி போட்டு ஃபைலில் ஒட்டிவிடுகிறார்கள். முதல் ஓட்டத்தில் சரியாக வேலை செய்யும், டெஸ்டும் பாஸ் ஆகும். மறுநாள் அதே வரி ஃபைலில் 48 முறை இருக்கும். அந்த ஃபைல் மாறினால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய் என்றும் எழுதியிருந்தால் 48 ரீஸ்டார்ட். எத்தனை முறை ஓட்டினாலும் முதல் முறைக்குப் பிறகு எதுவும் மாறக் கூடாது என்பதுதான் இந்தத் துறையின் ஆதார விதி. ஐடெம்பொடென்ட் என்பார்கள். அந்த ஒரு வரிக்கு பப்பெட்டில் எஸ்டிடிலிப் மாட்யூலின் ஃபைல் லைன், ஆன்சிபிளில் லைன் இன் ஃபைல். வரி இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லாவிட்டால்தான் சேர்க்கும். எக்ஸெக் தவிர வழியே இல்லை என்றால் அன்லெஸ், ஒன்லி இஃப், கிரியேட்ஸ் இவற்றில் ஒன்றைக் காவலுக்கு வைக்க வேண்டும். ஆன்சிபிளின் கமாண்ட் மாட்யூல் தன்பாட்டில் எப்போதும் 'மாறியது' என்றே அறிவிக்கும், அதற்கு கிரியேட்ஸ் அல்லது சேஞ்ச்ட் வென் வேண்டும்.

சோதிப்பது எளிது: இரண்டு முறை ஓட்டுங்கள். பப்பெட் அப்ளை கட்டளையோடு டீடெயில்ட் எக்ஸிட்கோட்ஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தால், மாற்றம் நடந்ததென்றால் 2, எதுவும் மாறவில்லை என்றால் 0, தோல்வி என்றால் 4, மாற்றமும் தோல்வியும் சேர்ந்தால் 6 என்று திரும்பும். முதல் ஓட்டம் 2, இரண்டாவது 0. இரண்டாவதிலும் 2 வந்தால் புல் ரிக்வெஸ்ட், அதாவது மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை, அனுப்பாதீர்கள். ஆன்சிபிளில் மாலிக்யூல் கருவி இந்த இரண்டாவது ஓட்டத்தைத் தானே செய்து பார்க்கும்.

பப்பெட்டின் நடை விதிகளில் எங்களுக்கு முக்கியமாகப் படுபவற்றை மட்டும் சொல்கிறோம். வளத்தின் பண்புகளில் என்ஷ்யூர் முதலில் வர வேண்டும், இருக்க வேண்டிய பொருளா நீக்க வேண்டிய பொருளா என்பது முதல் வரியிலேயே தெரிய. வேரியபிள் இல்லாத சரத்துக்கு ஒற்றை மேற்கோள், வேரியபிள் இருந்தால் இரட்டை மேற்கோள், அந்த வேரியபிளைச் சுற்றி நெளிவு அடைப்பு. கடைசிப் பண்புக்குப் பின்னாலும் கமா. இந்தக் கமாவைப் பார்த்துப் புதியவர்கள் சிரிப்பார்கள். அது இல்லாத இடத்தில் அடுத்தவர் ஒரு வரி சேர்க்கும்போது பழைய வரியையும் தொட்டாக வேண்டும், மாற்றத்தைக் காட்டும் டிஃபில் ஒன்றுக்கு இரண்டு வரி மாறும், கமாவை மறந்தால் சின்டாக்ஸ் பிழை. அம்புக்குறிகளை ஒரே நேர்கோட்டில் அடுக்க வேண்டும் என்ற விதி மட்டும் எங்களுக்கு ஒப்பவில்லை. நீளமான பெயருள்ள ஒரு பண்பைச் சேர்த்தால் அந்த வளத்தின் எல்லா வரியும் நகர்கிறது. ஆனாலும் அந்த ரெப்போவில், அதாவது நிரல் களஞ்சியத்தில், விதி அப்படியென்றால் அப்படித்தான் எழுத வேண்டும், வாதத்தைத் தனி இஷ்யூவில் வைத்துக்கொள்ளலாம்.

வரி நீளம் 140 எழுத்துக்குள். ஒரு ஃபைலில் ஒரு கிளாஸ். ஃபைலின் பெயரும் கிளாஸின் பெயரும் பொருந்தாவிட்டால் பப்பெட் அந்தக் கிளாஸைத் தேடிக் கண்டுபிடிக்காது. கேஸ் எழுதினால் டிஃபால்ட் கட்டாயம். தெரியாத ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஊகித்துக்கொண்டு ஓடுவதைவிடப் பிழை சொல்லி நிற்பது மேல். பேக்கேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று போடாதீர்கள். யாரும் கேட்காத நேரத்தில் டேட்டாபேஸ் தானாக அப்கிரேட் ஆகி நிற்கும். பாஸ்வேர்டைச் சுமக்கும் பேராமீட்டரை சென்சிடிவ் வகையாக அறிவிக்க வேண்டும், ஆன்சிபிளில் அந்த டாஸ்கில் நோ லாக். இல்லையென்றால் லாக் ஃபைலில் பாஸ்வேர்ட் பச்சையாக இருக்கும்.

கட்டுரை பப்பெட்டின் இன்றைய நிலையைச் சொல்லவில்லை. 2005-இல் வெளிவந்த இந்தக் கருவியின் நிறுவனத்தை 2022-இல் பெர்ஃபோர்ஸ் வாங்கியது. பொதுவெளிக்கு பேக்கேஜ் தரும் முறையை மாற்றப்போவதாக அது 2024 இறுதியில் அறிவித்ததும், வாக்ஸ் புப்புலி என்ற சமூகக் குழு அதே நிரலை ஓப்பன்வாக்ஸ் என்று தனியாகப் பிரித்து 2025 தொடக்கத்தில் வெளியிட்டது. மாட்யூல் எழுதும் மொழி அதேதான். பங்களிக்கப் போகும் மாட்யூல் யாருடைய ரெப்போவில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்கினால் போதும்.

இனி அனுப்பும் முறை. ரெப்போவில் கான்ட்ரிபியூட்டிங் என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கும். கட்டுரை அதைப் பற்றி மூச்சே விடவில்லை. இடத்துக்கு இடம் விதி எவ்வளவு மாறும் என்பதற்கு ஒன்று சொல்லலாம். ஆன்சிபிள் கலெக்‌ஷன்கள் பலவற்றில் உங்கள் மாற்றத்தைப் பற்றிச் சேஞ்ச்லாக் ஃபிராக்மென்ட்ஸ் டைரக்டரியில் ஒரு சின்ன யாமல் ஃபைல் சேர்க்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாக்ஸ் புப்புலி மாட்யூல்களில் அதற்கு நேரெதிர்: சேஞ்ச்லாகைத் தொடவே கூடாது. மெர்ஜ் ஆன புல் ரிக்வெஸ்ட்டுகளின் லேபிளை வைத்து வெளியீட்டு நேரத்தில் கருவியே எழுதிக்கொள்ளும். வெர்ஷன் எண்ணையும் பராமரிப்பவர்தான் மாற்றுவார். மேலே 'மாட்யூல்சிங்க் பராமரிக்கிறது, திருத்தாதே' என்று தலைப்பு போட்ட ஃபைல்களும் அங்கே உண்டு. அவற்றைத் திருத்தினால் அடுத்த ஒத்திசைவில் அழிந்துபோகும். ரெஃபரன்ஸ் ஆவணமும் அப்படியே. நிரலுக்கு மேலே கமெண்டில் உள்ள பேராமீட்டர் விளக்கத்தைத் திருத்தி, பப்பெட் ஸ்டிரிங்ஸ் கருவியை ஓட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

வேலையின் வரிசை இதுதான். ரெப்போவை உங்கள் கணக்குக்குப் பிரதியெடுத்து (ஃபோர்க்), உங்கள் கணினிக்கு இறக்கியதும் (குளோன்), மெயின் பிராஞ்சில் கைவைக்காமல் புது பிராஞ்ச் (தனிக் கிளை) போடுங்கள். பண்டில் இன்ஸ்டால் கட்டளையால் தேவையான கருவிகளை நிறுவி, எதையும் மாற்றுவதற்கு முன்பே வேலிடேட், லிண்ட், ஸ்பெக் என்ற மூன்று சோதனைகளையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். தொடுவதற்கு முன்பே எது சிவப்பாக (தோல்வியாக) இருந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் வரும் சிவப்பு யாருடையது என்று தெரியும். பிறகு, பிழையைக் காட்டுகிற டெஸ்ட் முதலில், திருத்தம் அடுத்து. மாற்றத்தைப் பதிவு செய்யும் கமிட்டுக்கு முன் கிட் டிஃப் கட்டளையை செக் விருப்பத்தோடு ஓட்டினால் வரிக்கடைசியில் ஒட்டியிருக்கும் வெற்று ஸ்பேஸ்களைக் காட்டிக்கொடுக்கும். விண்டோஸில் எழுதுகிறவர்கள் வரிமுடிவை எல்எஃப் என்று எடிட்டரில் வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் வரிமுடிவோடு போன ஷெல் ஸ்கிரிப்ட், லினக்ஸில் 'பேட் இன்டர்ப்ரிட்டர்' என்று சொல்லி நின்றுவிடும், கண்ணுக்கு மட்டும் ஸ்கிரிப்ட் பழுதில்லாமல் தெரியும்.

ஒரு கமிட்டில் ஒரு மாற்றம். ஒரு பிழையைத் திருத்தப் போனவர் ஃபைல் முழுக்க இண்டென்டையும் நேராக்கி அதே கமிட்டில் அனுப்பினால், 300 வரி மாற்றத்துக்குள் உண்மையான 2 வரியை ரிவ்யூ செய்பவர் தேட வேண்டியிருக்கும். பெரும்பாலும் தேட மாட்டார். கமிட் செய்தியின் முதல் வரி 50 எழுத்துக்குள், பழைய தந்தி வாசகம் மாதிரி. 'அப்டேட்', 'ஃபிக்ஸ்' என்று மட்டும் எழுதினால் அது தந்தியில் 'புறப்படு' என்று மட்டும் அடிப்பது போலத்தான். அடுத்து ஒரு வெற்று வரி, அதன் பின் 72 எழுத்துக்கு ஒருமுறை மடித்து, ஏன் இந்த மாற்றம் என்ற காரணம். என்ன மாறியது என்பது டிஃபிலேயே இருக்கிறது.

சில திட்டங்கள் கமிட் செய்தியில் சைன்ட் ஆஃப் பை வரி கேட்கும். லினக்ஸ் கெர்னலில் 2004-இல் வந்த வழக்கம் அது. இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி. ஆகவே அலுவலக நேரத்தில், அலுவலகத்துக்காக எழுதியதை அனுமதியில்லாமல் இதில் சேர்க்க முடியாது. கமிட்டில் போகும் பெயரும் மின்னஞ்சலும் எல்லோர் பார்வைக்கும் நிரந்தரமாகக் கிடைக்கும் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டோ சாவியோ தவறிப் போய்விட்டால் அடுத்த கமிட்டில் அழித்துப் பயனில்லை, வரலாற்றில் கிடக்கும். முதலில் அந்தப் பாஸ்வேர்டையே மாற்றுங்கள்.

ரிவ்யூவில் திருத்தம் கேட்டால் அதே பிராஞ்சில் திருத்தி அனுப்புங்கள். பழையதை மூடிவிட்டுப் புதிய புல் ரிக்வெஸ்ட் திறந்தால் நடந்த பேச்சு முழுக்க அறுந்துபோகும். ரீபேஸ் செய்தபின் (உங்கள் கமிட்டுகளைப் புதிய மெயின் பிராஞ்சின் மேல் எடுத்துவைத்தபின்) தள்ளும்போது வெறும் ஃபோர்ஸ் வேண்டாம், ஃபோர்ஸ் வித் லீஸ் பயன்படுத்துங்கள். பராமரிப்பவர் இடையில் ஏதாவது சேர்த்திருந்தால் அதை மிதிக்காமல் நிற்கும். பதில் வர ஒரு வாரம் ஆவது சகஜம். பலர் சம்பளமில்லாமல் செய்கிறார்கள்.

இதைத் தங்கள் இணைப்பிலேயே சொல்ல வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தக் காரணம் உண்டு. 2020 அக்டோபரில், நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்று அறிவித்திருந்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சிக்காக, ரீட்மி ஃபைலில் ஒரு சொல்லைச் சேர்த்தும் மாற்றியும் குப்பையாக வந்து குவிந்தன. அந்த மாதத்துக்குள்ளேயே, சம்மதம் தெரிவித்த ரெப்போக்களுக்கு மட்டும் என்று விதியை மாற்ற வேண்டி வந்தது. 'எளிதாக ஒரு வரி மாற்றி அனுப்புங்கள், உங்கள் பெயர் வந்துவிடும்' என்று தங்கள் கட்டுரை சொல்வதும் அந்த வழிதான். பெயர் வரும். எந்த ரகத்தில் வரும் என்பதுதான் கேள்வி.

பழகிப் பார்க்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷினுக்குப் பதிலாகக் கன்டெய்னரில் (லாரிப் பெட்டி அல்ல, கணினிக்குள் தனியாக ஓடும் சின்னச் சூழல்) சோதித்தால் மொபைல் டேட்டாவும் மிஞ்சும். ஒரே சிக்கல், சாதாரண கன்டெய்னர் இமேஜில், சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி ஓடாது, சர்வீஸைத் தொடங்கும் டெஸ்ட் எல்லாம் விழும். சிஸ்டம்டியோடு தயாரித்த இமேஜைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டில் உட்கார இடமில்லாதவர்களுக்குக் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது.

அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிடுவதானால் முழு நிரலையும் மறுபடி அச்சிட வேண்டியதில்லை. 'மோட்' வரியில் 644 என்பதை நேரான ஒற்றை மேற்கோளுக்குள் '0644' என்று மாற்றுங்கள். 'பிகம்' வரி, அது சேர்ந்த டாஸ்கின் 'நேம்' என்ற சொல்லில் உள்ள முதல் எழுத்துக்கு நேர் கீழே தொடங்க வேண்டும். நிரல் கட்டத்துக்கு எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துரு. பக்கத்தை இன்டிசைனில் கட்டுகிறவர்களானால், டைப் விருப்பங்களில் டைப்போகிராஃபர்ஸ் கோட்ஸ் என்ற டிக்கை எடுத்துவிட்டு நிரலை ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டியபின் டிக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், செய்திப் பத்திகளுக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81